செவ்வாய்க்கிழமை எழுதாத பதில்

ஓடிப்போனார் என்ற அந்த வார்த்தையை முதலில் விடுங்கள். ராஜாமணி ஓடிப்போகவில்லை. போலீசுக்குப் பயந்து போனார் என்று பால் சொசைட்டியில் ஒருத்தி சொல்கிறாள். இல்லை, குயிலாப்பாளையத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், எங்க அக்கா வீட்டுக்காரர் பார்த்தார் என்று இன்னொருத்தி சொல்கிறாள். சால்வைக்கு ஆசைப்பட்டுத்தான் அப்படி எழுதினார், அப்புறம் வெட்கமாகிப் போய்விட்டது என்று மூன்றாவதாக ஒரு பேச்சு. ஒரு பேச்சாவது இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா? போகாது. மூன்றும் பொய்.

அவர் தப்பே செய்யவில்லை என்று யாரும் இங்கே சொல்ல வரவில்லை. செய்தார். ஆனால் நீங்கள் சொல்கிற தப்பு வேறு, அவர் செய்த தப்பு வேறு. செய்யாததுக்கு ஒரு மனுஷனைத் திட்டிவிட்டுச் செய்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது என்ன நியாயம்? பால் கேனைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். முழுசாகக் கேட்டபிறகு திட்டுங்கள்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பை-பாஸில் இறங்கி இரண்டு மைல் உள்ளே வந்தால் இந்த ஊர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் அவர். ஒன்றரை ஏக்கர் நிலம். பாதியில் மல்லாட்டைக் கடலை, பாதியில் கேப்பை. பத்தாவது முடித்தார். விழுப்புரத்தில் ஒரு காலேஜ் லைப்ரரியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. புத்தகத்தைத் தூசி தட்டி அடுக்குவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. மற்றவன் தூசியைத் தட்டிவிட்டு வைப்பான். இவர் தட்டிவிட்டுத் திறப்பார். திறந்தால் நின்றபடியே படிப்பார். அப்படி நின்று நின்றே முழங்கால் போனது என்று அவர் சம்சாரம், அந்தப் புண்ணியவதி இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். இதை முதலில் யார் யோசித்தது? பூட்டைப் பார்த்தால் கேட்பார். ஓட்டுப் பெட்டியைப் பார்த்தால் கேட்பார். வாரத்துக்கு ஏழு நாள் என்று யார் யோசித்தது, ஆறோ எட்டோ இருந்தால் என்ன என்று கேட்பார். நாம் நினைக்கிற நினைப்பு எதுவும் நம்முடையது இல்லை, எங்கேயோ ஒருத்தன் தலையில் முளைத்து, கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்தது என்பது அவர் கட்சி. காசுகூட யார் கையில் இருந்து வந்தது என்று பார்த்துத்தான் வாங்குகிறோம், நினைப்பை மட்டும் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே என்பார்.

அந்தக் காலேஜில் தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருந்தார். பழைய காலத்து வாதம் எப்படி நடக்கும் என்று அவர்தான் ராஜாமணிக்குச் சொன்னது. வாதம் பண்ண வந்தவன் எடுத்ததும் எதிராளியைத் திட்ட மாட்டானாம். எதிராளி என்ன சொல்கிறானோ அதை முதலில் இவனே எடுத்துச் சொல்லுவானாம். அரைகுறையாக இல்லை. எதிராளியே கேட்டுவிட்டு, நான்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று மெச்சுகிற மாதிரி. அதற்குப் பேர் பரபக்கம். அதைச் சொல்லி முடித்தபிறகுதான் தன் கட்சி. அதற்குப் பேர் சுபக்கம். எதிரியை நோஞ்சானாக்கி ஜெயிக்கிறவன் ஜெயிக்கவில்லை என்றாராம் அந்த வாத்தியார். ராஜாமணிக்கு அது மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறதே, அதில் பாதியில் பால் விலை எழுதுவார்கள், மீதிப் பாதி சும்மா கிடந்தது. அதை அவர் கேட்டு வாங்கினார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தி. திங்கட்கிழமை காலையில் ஒரு கட்சியை எழுதுவது, செவ்வாய்க்கிழமை அதை அழித்துவிட்டு அதற்குப் பதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டார். செவ்வாய் எழுதினது ஞாயிறு வரைக்கும் நிற்கும். தப்பான நினைப்புக்கு ஒரு நாள், அதற்குப் பதிலுக்கு ஆறு நாள் என்று சிரிப்பார். திங்கள் எழுதினால் மூலையில் சின்னதாக "திங்கள்" என்று மட்டும் போடுவார். ஊருக்கு அது போதும். இது எழுதினவர் சொல்வது இல்லை, எதிராளி சொல்வது, நாளைக்கு வா என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே நின்று வாசித்துக் காட்டுவார். அதனால்தான் எழுத்துத் தெரியாத பெண்களுக்கு அந்தப் பலகை தலைகீழ்ப் பாடம்.

ஊர்ப் பேச்சிலேயே அது கலந்துபோயிற்று. புருஷன் குடித்துவிட்டு வந்து நியாயம் பேசினால், "உன் திங்கப் பேச்சை நிறுத்து" என்பாள் பெண்டாட்டி. பஞ்சாயத்தில் ஒருத்தன் திணறி நின்றால், "எங்கப்பா உன் செவ்வாக்கிழமை, காணோமே" என்று கேட்பார்கள். வேறு எந்த ஊரில் போய்ச் சொன்னாலும் புரியாது. பெண் கட்டிக்கொடுத்து வெளியூர் போன பிள்ளைகள் இதைச் சொல்லிவிட்டு முழித்திருக்கிறார்கள்.

தனியாள் எழுதினால் இரண்டு கட்சியும் ஒரே குரலாகிவிடும் என்று ஒரு துணையும் சேர்த்துக்கொண்டார். பூவரசன். காலனியைச் சேர்ந்தவர், கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறினாலும் வாதத்தில் இறங்கினாலும் விட மாட்டார். ஒரு வாரம் ராஜாமணி திங்கள் எழுதினால் பூவரசன் செவ்வாய். அடுத்த வாரம் மாறும். ஒருத்தர் முறையை இன்னொருத்தர் எழுதக் கூடாது என்பது ராஜாமணி போட்ட சட்டம்.

எதையெல்லாமோ எழுதினார்கள். அரசன் சாமிக்குச் சமானம் என்று ஒரு திங்கள். அரசனையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட ஜனங்கள் உண்டு என்று செவ்வாய். பூமிதான் நடுவில் நிற்கிறது என்று ஒரு திங்கள். நாற்று நடுகிற மெஷின் வந்த வருஷம், மெஷின் கைவேலையைத் தின்றுவிடும் என்று பூவரசன் திங்கள் எழுத, குனிந்தே செத்தவர்கள் முதுகைக் கேட்டுப்பார் என்று ராஜாமணி செவ்வாய் எழுதினார். உயிர் என்று தனியாக ஒன்று கிடையாது என்ற கட்சியையும் ஒருதரம் எழுதினார்கள். வெற்றிலையில் சிவப்பு இல்லை, பாக்கில் இல்லை, சுண்ணாம்பில் இல்லை. மூன்றும் சேர்ந்தால் சிவப்பு வருகிறது, உடம்பு சேர்ந்தால் உயிர் வருகிறது, பிரிந்தால் போகிறது என்று அந்தக் காலத்திலேயே ஒரு கூட்டம் சொன்னதாம். அதை அவர் வாசித்துக் காட்டினபோது குப்பம்மாள் வாய் நிறைய வெற்றிலையோடு நின்றாள். காலனியில் இரண்டு மாடு வைத்திருக்கிறாளே, அந்தக் குப்பம்மாள்.

"அப்போ என் உயிர இப்ப துப்பட்டா, முழுங்கட்டா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வரைக்கும் வாயிலயே வச்சிரு. நாளைக்குப் பூவரசு சொல்லுவான்" என்றார் ராஜாமணி. அன்றைக்குச் சொசைட்டியே சிரித்தது.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள்.

போன தை கழிந்து மாசி. இருபத்தெட்டு வருஷமாக உலகத்தில் உள்ளது எல்லாவற்றையும் வாதம் பண்ணியாயிற்று, நம் காலடியில் கிடக்கிற ஒன்றை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று ராஜாமணிக்கு ஒரு எண்ணம் வந்தது. பிறப்பில் உயர்வு தாழ்வு. அதை யார் யோசித்தது, எப்படிச் சொல்லி எல்லாரையும் நம்ப வைத்தான், அதற்கு என்ன பதில். இதை எழுதாமல் விட்டால் நாம் கோழைகள் என்று நினைத்தார். பூவரசன் வயலுக்கு வந்தபோது கேட்டார்.

"பூவரசு, வர்ற திங்கக்கிழமை அதையே எழுதிடலாமாடா?"

பூவரசன் கொஞ்ச நேரம் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்களுக்குச் சரின்னா எழுதுங்கண்ணே" என்றார்.

ராஜாமணி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். சரி என்று சொன்னாரா, சரி என்று சொல்லாமல் இருந்தாரா என்று அவர் நின்று பார்க்கவில்லை. நன்றாகப் படித்த மனுஷன். எதிரில் இருக்கிறவன் முகத்தைப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை எழுதினார். அவருடைய சட்டப்படி எதிராளி மெச்சுகிற மாதிரி எழுத வேண்டுமே, அப்படியே எழுதினார். வேப்பங்கொட்டை போட்டால் வேம்புதான் முளைக்கும் என்று தொடங்கினார். குயவன் பிள்ளை கைக்குச் சக்கரம் தானாக வசப்படும், அவரவர் பிறந்த இடத்தில் அவரவர் நின்றால் ஊரில் பொறாமை இல்லை, சண்டை இல்லை, மேலே போக வேண்டுமே என்ற தவிப்பு இல்லை, இருக்கிற இடத்தை மாற்ற நினைத்தவன்தான் நிம்மதியைக் கெடுத்தான் என்று முடித்தார். மூலையில் "திங்கள்". அந்த வாரம் கையெழுத்தும் முத்து முத்தாக வந்துவிட்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள்.

வாசித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. குப்பம்மாள் பாலை ஊற்றினாள், ரசீதை வாங்காமல் கேனை எடுத்துக்கொண்டு போனாள். ராஜாமணி பார்த்தார். நாளைக்குப் புரிந்துகொள்வாள் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

நாளைக்குப் பூவரசன் வரவில்லை. அவர் மகள் கலைப்பிரியாவுக்கு முதல் பிரசவம், விடியும்போதே வலி எடுத்துவிட்டது. "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில இருக்கேண்ணே" என்று போனில் சொன்னார். "சரிடா, புள்ளையப் பாரு, எழுத்து எங்கே போய்டும்" என்றார் ராஜாமணி. இதுதான், கேளுங்கள், இதுதான் முதல் தப்பு. சாக்பீஸை எடுத்து அவரே பதிலை எழுதியிருக்கலாம். குறைந்தபட்சம் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்திருக்கலாம். பூவரசன் முறையைத் தொடக் கூடாது என்று சட்டம் பேசிக்கொண்டு, திங்கள் எழுத்தைச் செவ்வாயும் அப்படியே விட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் அன்புச்செல்வன் வந்தான். விழுப்புரத்தில் சாதிச் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருக்கிறவன், இந்த ஊரில் தங்கச்சியைக் கொடுத்திருக்கிறான். காரை நிறுத்திவிட்டுப் பலகையைப் படித்தான். அவனுக்குத் திங்கள் என்றால் ஞாயிறுக்கு அடுத்த நாள், அவ்வளவுதான். போட்டோ எடுத்தான். எழுதினது யார் என்று கேட்டு, பேரையும் போட்டுப் போனில் விட்டான். பயப்படாமல் உண்மை பேசின பெரியவர் என்று.

புதன்கிழமை காலையில் திண்டிவனம் பஸ்ஸில் அது ஓடியது. மத்தியானம் சென்னையில் இருக்கிறவனெல்லாம் பார்த்தான். சாயந்திரம் சாதியை எதிர்க்கிற கட்சி ஆட்கள் போலீசில் மனு கொடுத்தார்கள். அதிலும் தப்பில்லை, படத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரத்தான் வரும். ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள், ராஜாமணி போனார், யார் மனதையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினார். வரும் வழியில் பை-பாஸில் இறங்கி டீ குடித்தார். போலீசுக்குப் பயந்தவர் டீ குடிப்பாரா?

சொசைட்டி செக்ரட்டரி பச்சைமுத்து பலகையை அழித்துவிட்டு, அந்தப் பாதியில் மாட்டுத்தீவன விளம்பரத்தை ஒட்டினார்.

"பதில எழுதிட்டு அப்புறம் ஒட்டு முத்து. ஒரே ஒரு நாள் கொடு" என்று ராஜாமணி கேட்டார்.

"உன்னால ஒரே பேஜாரு மாமா. கேள்விய எழுதினதுக்கே ரெண்டு ஜீப்பு வந்துச்சு. பதிலுக்கு இன்னா வரும்னு எனக்குப் பார்க்க வேணாம்" என்றார் பச்சைமுத்து.

அவரைத் திட்டினவர்களால் ராஜாமணி நொறுங்கவில்லை. திட்டு அவருக்குப் புதுசு இல்லை. பாராட்டினார்களே, அதுதான் அவரைத் தின்றது. மகன் சீனுவாசன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். அவன் போன் நிற்காமல் அடித்தது. உங்க அப்பா காலைத் தொட்டுக் கும்பிடணும் என்று முன்பின் தெரியாதவர்கள் பேசினார்கள். கல்யாணத்தில் கூடக் கண்டுகொள்ளாத சொந்தக்காரன் பழத்தட்டோடு வந்தான். இருபத்தெட்டு வருஷம் அவர் ஒரு பலகையில் எழுதினார், ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டது கிடையாது. தனக்குப் பிடிக்காததை எழுதின அந்த ஒரு நாளைக்கு ஊர் ஊராகக் கும்பிடுகிறார்கள். சோறு இறங்கவில்லை அவருக்கு. மருமகள் சங்கவி கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்தாள், அதையும் பாதியில் வைத்தார்.

ஒரே வழி பூவரசன்தான் என்று அவருக்குப் பட்டது. பூவரசன் கையால் ஒரு பதில். அது இருந்தால் போதும், அதையும் போட்டோ எடுத்து விட்டுவிடலாம், இரண்டும் சேர்ந்தால்தானே வாதம், அப்போது ஊருக்கு விளங்கும். வெள்ளிக்கிழமை முண்டியம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே டீக்கடையில் பூவரசன் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு நின்றார். பேத்தி பிறந்திருந்தாள். இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே, டீ சொல்லட்டா" என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுவே ராஜாமணிக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"பூவரசு, முறை உன்னுது. ஒரு பக்கம் எழுதிக் கொடுடா. பலகை இல்லாட்டிப் போவுது, நான் எங்கியாவது ஒட்டுறேன்."

"முறை என்னுதுதான். எழுத மாட்டேண்ணே."

"கோவமா?"

"கோவம் இல்ல. சலிச்சிப் போச்சு." பூவரசன் ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். "அரசன் சாமியா இல்லையான்னு எழுதினோம். தோத்தா இன்னா, ஜெயிச்சா இன்னா. டீ குடிச்சிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போனோம். இதுல நான் தோத்தா நான் எங்கண்ணே போறது?"

"நீ ஏண்டா தோக்குற? நூறு பதில் இருக்குது இதுக்கு."

"இருக்குது. நானும் மனுஷன்தான்னு நூறு தினுசா எழுதலாம். பால் ஊத்த வர்றவங்க படிச்சிட்டு, பரவால்ல, பூவரசன் நல்லாத்தான் சொல்லிக்கிறான்னு மார்க்கு போடுவாங்க. பேத்தி பொறந்த வாரத்துல நான் போய்ப் பரீட்சை எழுதணும். உங்களுக்கு அது திங்கக்கிழமை ஒரு நாள் பேச்சுண்ணே. எனக்கு வாரம் பூரா அதான்."

"நான் கேட்டுட்டுத்தானே எழுதினேன்."

"கேட்டீங்க. வேணாம்னு சொன்னா பயப்படுறான்னு ஆவும். சரின்னா இப்படி ஆவும். அதுல எது என் பக்கம்?"

 ஆனாலும் மனுஷன் விடவில்லை. தன் மேல் அவ்வளவு நம்பிக்கை. "இத்தன வருஷத்துல நான் உன்ன வேற மாதிரி நெனச்சிருக்கேனாடா? சொல்லு, ஒரு நாளாவது?" என்று கேட்டார்.

பூவரசன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "உங்க வயசு இன்னாண்ணே?"

"அறுபத்து மூணு."

"என் வயசு?"

"அறுபத்தஞ்சு" என்றார் ராஜாமணி.

"நான்தான் பெரியவன். ரெண்டு வருஷம். இத்தன காலமா நான் உங்கள அண்ணேன்றேன், நீங்க என்ன வாடா போடான்றீங்க. ஆசையாத்தான் கூப்பிடுறீங்க, எனக்குத் தெரியும். நானும் மனசுல வச்சுக்கல. ஆனா அன்னிக்குப் பலகையில அவ்ளோ சரளமா வந்துச்சே, அது எந்தப் புஸ்தகத்துல இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?"

இதை யார் முதலில் யோசித்தது, எங்கே இருந்து கைமாறி வந்தது என்று வாழ்நாள் பூரா கேட்டவர். தன் நாக்கில் இருந்ததை மட்டும் கேட்கவில்லை, அதுதான் இரண்டாவது தப்பு. ராஜாமணி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "அண்ணே" என்றார், பூவரசனைப் பார்த்து, முதல் தடவையாக.

"வேணாம்" என்றார் பூவரசன் மெதுவாக. "இன்னிக்குப் புதுசா அத ஆரம்பிக்காதீங்க. அப்புறம் அதுக்கும் நான் ஒரு பதில் சொல்லணும். டீய குடிங்க, ஆறுது. எனக்கு மேல போவணும், வெந்நீர் கேட்டாங்க."

போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது, படியில் நின்று ஒருதரம் பார்த்தார். கை காட்டவில்லை.

ராஜாமணி வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தார். தன் சட்டத்தைத் தானே உடைத்துப் பதிலை எழுதப் பார்த்தார். வேப்பங்கொட்டைக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வரி எழுதினார், அடித்தார். எந்தப் பிறவியும் தாழ்ந்தது இல்லை என்று எழுதினார். அதைப் படித்துப் பார்த்தால் தான் யாருக்கோ பெரிய மனசு பண்ணி இடம் கொடுக்கிற மாதிரி இருந்தது. அடித்தார். நல்ல நல்ல பதிலெல்லாம் அவருக்குத் தெரியும், லைப்ரரியில் எந்த வரிசையில் இருக்கிறது என்று கூடத் தெரியும். எதை எழுதினாலும் வாடா என்று கூப்பிட்ட அதே வாயில் இருந்து வருகிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்தார். சங்கவி சாப்பிடக் கூப்பிடப் போகும்போதெல்லாம் கிழித்த தாளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

குப்பம்மாளிடமும் போனார், அது உங்களுக்குத் தெரியாது. அவள் சொசைட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டுப் பை-பாஸ் டீக்கடைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். வழியில் நிறுத்தி, "நான் எழுதினது எதிராளி பேச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல" என்றார்.

"தெரியும் சாமி" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். என் மருமவனுக்குத் தெரியாது. அவன் வேலை பார்க்குற எடத்துல சிரிக்கிறாங்களாம், உங்க ஊர்ல போர்டே போட்டுட்டாங்களாமேன்னு. அங்க போய் நீ ஒவ்வொருத்தனாண்டயும் சொல்லு." சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அதில் கோபம்கூட இல்லை, அவசரம்தான். பால் திரிந்துவிடுமே.

அதற்குள் அன்புச்செல்வன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மண்டபத்தில் பாராட்டு விழா, சால்வை, கேடயம்.

"அது என் கட்சி இல்லப்பா" என்றார் ராஜாமணி.

"புரியுது பெரியப்பா. ஊர்ல இருக்கணும்ல, அப்படித்தான் சொல்லிக்கணும்."

"நெசமாவே இல்ல. மேடையில ஏறினாலும் இதைத்தான் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க" என்றான் அவன், கையைப் பிடித்துக்கொண்டு. "எவ்ளோ அடக்கம்னு கை தட்டுவாங்க."

அவனுக்கு இவர் மேல் உண்மையாகவே மரியாதை. இல்லை என்று சொன்னாலும் ஆமாம் என்று கேட்கிற காதுகளிடம் என்ன சொல்வது? எழுதினதையும் எழுதாததையும் ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். சனிக்கிழமை தெருமுனையில் பேனர் கட்டினார்கள். சீனுவாசன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் வேப்பங்கொட்டையில் ஆரம்பித்து அத்தனை வரியும், ஆள் உயர எழுத்தில். மூலையில் இருந்த "திங்கள்" மட்டும் இல்லை. இடம் பத்தவில்லையாம்.

மகன் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கெஞ்சினான். "ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டு வாப்பா. அவங்கதான் எனக்கு அறுப்பு கொடுக்குறவங்க. நீ பேசக்கூட வேணாம்." அவனையும் குற்றம் சொல்ல முடியாது. மெஷினுக்கு வயல் வேண்டும். ராஜாமணி அவன் தட்டில் குழம்பை ஊற்றினார், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூவரசன் அன்று வயலில் எப்படி இருந்தாரோ அப்படி இருந்தார். மகன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கார் வந்து நின்றது. பட்டப்பகல், ஊரே பார்த்தது. பின்கதவால் போனார், சுவர் ஏறினார் என்று சொல்கிறீர்களே, அதெல்லாம் இல்லை. குளித்தார். சங்கவி தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைத் தொடாமல், வயலுக்குப் போடுகிற காக்கிச் சட்டையைப் போட்டார். சீனுவாசன் காரில் வந்தவர்களோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தான். இவர் நிலைப்படியில் நின்றார். உள்ளே சங்கவி பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்கே மாமா கிளம்பிட்டீங்க, இந்தச் சட்டையோட?"

"யாராவது என்னப் பத்திக் கேட்டா இன்னா சொல்லுவ?" என்று கேட்டார்.

அவள் பிசைவதை நிறுத்தினாள். இந்த ஒரு வாரமாக அந்த வீட்டில் அவரை நேராகப் பார்த்தது அவள் ஒருத்திதான். "இன்னா சொல்லணும், நீங்களே சொல்லுங்க மாமா. அப்படியே சொல்றேன்" என்றாள்.

அவர் யோசித்தார். வெளியே கார்க்காரன் ஜல்தி ஆகட்டும் என்று ஹாரன் அடித்தான்.

"ஒண்ணும் சொல்லாத" என்றார் கடைசியில். படி இறங்கினார். காரைத் தாண்டி, பேனர் இருந்த பக்கம் தலையைத் திருப்பாமல், மண் ரோட்டில் இறங்கி நடந்தார்.